கிளிஞ்சல் வெள்ளை

மார்கழியில் வடசென்னைத் தரகர்களிடம் வீடு விற்கக் கொடுத்தவர்கள் கேட்கும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "தை பொறக்கட்டும்ணே, பார்ட்டிய கூட்டினு வரேன். அதுக்குள்ள ஒரு கோட்டு அடிச்சு வெச்சிடுங்க." ராயபுரத்துச் சந்துகளிலும் திருவொற்றியூரின் தேரடிப் பக்கத்திலும் எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டிய நகர்களிலும் மார்கழிக் கடைசியில் சாரம் கட்டுவதும் சுவர் சுரண்டுவதும் நடக்கும். குடியிருப்பவர்கள் பொங்கலுக்காக அடிக்கிறார்கள். விற்பவர்களுக்கு அதே பூச்சு இரண்டு வேலை செய்கிறது. பண்டிகையும் ஆயிற்று, பார்க்க வருபவர் கண்ணுக்கு வீடும் பளிச்சென்று ஆயிற்று.

மேற்கு நாடுகளில் வீட்டு வியாபாரம் சூடுபிடிப்பது வசந்தத்தில். பனி உருகி, தோட்டம் பூத்து, வெயில் எட்டிப் பார்க்கும் மார்ச்சுக்கும் மே மாதத்துக்கும் இடையே விற்பவர்கள் வீட்டைத் துடைத்து, வண்ணம் பூசி, வாசலில் பலகை வைப்பார்கள். ஈரானில் மார்ச் மாதம் வரும் நவ்ரோஸ் புத்தாண்டுக்கு முன் வீடு முழுவதையும் உலுக்கித் துப்புரவு செய்வது பழைய வழக்கம். சென்னைக் கடற்கரையில் அந்த இடத்தைத் தை மாதம் பிடித்திருக்கிறது. பஞ்சாங்கம் மட்டும் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. பஞ்சாங்கத்துக்கு அடியில் மழைக் கணக்கு இருக்கிறது. மழைக் கணக்குக்கு அடியில், காட்டுப்பள்ளியைச் சுற்றிக் கிடக்கும் கழியின் சேற்றில் புதைந்த கிளிஞ்சல் இருக்கிறது.

மழையிலிருந்து தொடங்கலாம். சென்னைக்கு ஆண்டு முழுவதும் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை கிடைக்கிறது. அதில் ஏறக்குறைய அறுபது சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. கார்த்திகை முடியும்போது சுவர் தண்ணீரைக் குடித்து நிற்கும். பாசி படர்ந்திருக்கும், காரை பொரிந்திருக்கும், மாடிச் சுவரின் மூலையில் ஓதம் வரைந்த மஞ்சள் வட்டங்கள் தெரியும். ஈரம் ஊறிய சுவரில் பூச்சு சரியாகப் பிடிக்காது. மார்கழியின் வறண்ட காற்று சில வாரங்கள் வீசி, சுவர் உள்ளுக்குள் காய்ந்த பிறகுதான் வெள்ளையடிக்கும் மட்டையை எடுக்க முடியும். ஆக, போகிக்கு முன் வெள்ளையடிப்பது வானிலைக்கு முற்றிலும் பொருந்திய ஏற்பாடு.

வாங்குபவர் பக்கமும் கணக்கு உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் பத்திரம் பதியப் பலர் விரும்புவதில்லை. தையில் முன்பணம் கொடுத்து, வில்லங்கச் சான்று எடுத்து, தாய்ப்பத்திரம் பார்த்து, மாசியிலோ பங்குனியிலோ பத்திரம் முடித்தால், கோடை விடுமுறையில் குடிபோய் ஜூனில் பிள்ளைகளைப் புதிய பள்ளியில் சேர்க்கலாம். முகூர்த்த நாட்களில் சார்பதிவாளர் அலுவலகங்களுக்குக் கூடுதல் டோக்கன் ஒதுக்குவதைப் பதிவுத்துறையே வழக்கமாக்கிவிட்டது. அரசு அலுவலகமும் இந்தப் பருவத்தை ஒப்புக்கொண்டுவிட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

இனி அந்த வெள்ளை எங்கிருந்து வந்தது என்ற கதை.

சென்னைக்கு வடக்கே, எண்ணூர் முகத்துவாரத்துக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவில் நீண்டு கிடக்கும் மணல்திட்டுதான் காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக்கடல். மேற்கே கொசஸ்தலை ஆற்றின் உப்பங்கழியும் பக்கிங்ஹாம் கால்வாயும். வடக்கே, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்துப் பெரியதான பழவேற்காடு. ஆற்று நன்னீரும் கடலின் உப்புநீரும் மாறி மாறிக் கலக்கும் இந்த நீரில் மட்டிகளும் ஆளிகளும் கோடிக்கணக்கில் வளர்ந்தன. இந்தக் கடற்கரையின் உணவு ஆளிக்கு உயிரியலாளர்கள் வைத்த பெயரிலேயே மெட்ராஸ் ஒட்டிக்கொண்டிருக்கிறது: மெட்ராசென்சிஸ். உயிர் போன பின் அவற்றின் ஓடுகள் அடிச்சேற்றில் படிந்தன. பல நூற்றாண்டுகளாகப் படிந்த ஓடுகள் அடுக்கடுக்காகச் சேர்ந்து படுகைகளாயின. ஏரிக்கரையில், கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் ஊருக்குச் சுண்ணாம்புக்குளம் என்றே பெயர்.

கிளிஞ்சல் எடுப்பது இடுப்பளவு நீரில் நின்று செய்யும் வேலை. சேற்றைக் காலால் துழாவி, கையால் அள்ளி, கூடையில் போட்டு நீரிலேயே அலச வேண்டும். சேறு போன ஓட்டைக் கரையில் குவித்து வெயிலில் உலர்த்துவார்கள். பிறகு காளவாய். வட்டமாகக் கட்டிய சூளைக்குள் ஒரு அடுக்கு கரி, ஒரு அடுக்கு கிளிஞ்சல், மறுபடி கரி என்று மாற்றி மாற்றி நிரப்பித் தீ மூட்டுவார்கள். ஏறக்குறைய 900 டிகிரி வெப்பத்தில் ஓட்டிலுள்ள கரியமில வாயு பிரிந்து போகும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. நூறு கிலோ சுத்தமான கிளிஞ்சல் போட்டால் ஐம்பத்தாறு கிலோதான் திரும்பி வரும். மீதி நாற்பத்து நான்கு கிலோ காற்றோடு போய்விடும்.

அந்தச் சுட்ட ஓட்டின்மேல் தண்ணீர் தெளித்தால் அது சீறிக் கொதித்து, பூவாக உதிரும். இதுதான் நீற்றுதல். நீற்றும்போது குழந்தைகளை அந்தப் பக்கம் அண்டவிட மாட்டார்கள். கண்ணில் ஒரு துளி தெறித்தால் பார்வையே போய்விடும். நீற்றிய சுண்ணாம்பைத் தொட்டியில் ஊறவைத்து, துணியில் வடிகட்டி, கஞ்சியோ வஜ்ஜிரமோ ஒரு கை உப்போ சேர்த்துக் கலக்குவார்கள். மஞ்சள் தட்டாமல் இருக்கக் கொஞ்சம் துணி நீலம். தாழம் விழுதை நுனியில் நசுக்கி நாராக்கினால் அதுவே மட்டை. சுவரில் ஏறிய சுண்ணாம்பு, காற்றிலிருந்து மறுபடி அதே கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு கெட்டியாகும். சூளையில் ஓடு இழந்ததைச் சுவரில் பூச்சு திரும்பப் பெற்றுக்கொள்கிறது. கடலோரத்து மட்டி எதனால் தன் வீட்டைக் கட்டியதோ, அதே பொருள்தான் கடைசியில் மனிதர் வீட்டுச் சுவரில் படிகிறது.

கிளிஞ்சல் சுண்ணாம்புக்கு ஒரு தனி மதிப்பு இருந்தது. மலைக்கல்லைச் சுட்ட சுண்ணாம்பில் மண்ணும் வேறு தாதுக்களும் கலந்திருக்கும். ஓட்டில் அந்தக் கலப்பு மிகக் குறைவு. அதனால் வெண்மை கூடுதல். கட்டுமானத்துக்குக் கல் சுண்ணாம்பு போதும், மேல்பூச்சுக்குக் கிளிஞ்சல்தான் வேண்டும் என்று கொத்தனார்கள் பிரித்து வைத்தார்கள்.

பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் ஜெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். ஆங்கிலேயர் தெற்கே இறங்கி 1639-ல் மதராஸில் இடம் பிடித்தார்கள். கோட்டைக்குள் புனித மேரி தேவாலயம் 1680-ல் எழுந்தது. பிறகு நகரம் பெருகப் பெருக, ஐரோப்பியர்கள் கோட்டையை விட்டு வெளியே தோட்ட வீடுகள் கட்டத் தொடங்கினார்கள். தூண் வரிசையும் அகலத் தாழ்வாரமுமாக நின்ற அந்த வீடுகளின் பெருமையெல்லாம் பூச்சில்தான் இருந்தது. 1780-களின் தொடக்கத்தில் கப்பலில் வந்து இறங்கிய ஓவியர் வில்லியம் ஹாட்ஜஸ், கடலிலிருந்து பார்த்த மதராஸை அலெக்சாண்டர் காலத்துக் கிரேக்க நகரத்தோடு ஒப்பிட்டு, பின்னர் 1793-ல் வெளிவந்த தன் பயண நூலில் எழுதினார். பளிங்கு என்று அவர் கண்ணுக்குப் பட்டவை செங்கல் தூண்கள். அவற்றின்மேல் இருந்தது சுண்ணாம்புப் பூச்சு.

அந்தப் பூச்சின் பக்குவம் ஐரோப்பாவையே கேட்கவைத்தது. செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநராக இருந்த ஐசக் பைக், மதராஸில் சிறந்த காரை எப்படிச் செய்கிறார்கள் என்பதை விவரித்து எழுதிய குறிப்பை லண்டன் ராயல் சொசைட்டி 1730-களில் தன் இதழில் அச்சிட்டது. சுண்ணாம்பும் மணலும் மட்டும் போதாது. பனைவெல்லம் கரைத்த நீர், கடுக்காய் ஊறிய நீர், பயறு, மோர், முட்டை வெள்ளைக்கரு என்று ஒரு சமையலறைப் பட்டியலே அதில் சேரும். வெல்லம் காரையை இறுக்கும். கடுக்காய் நீர் அதை மெல்ல உலரவைத்து வெடிப்பைத் தடுக்கும். கடைசிப் பூச்சில் வெள்ளைக்கருவும் மாக்கல் பொடியும் கலந்து, வழுவழுப்பான கல்லால் நாள்கணக்கில் தேய்ப்பார்கள். தேய்த்துத் தேய்த்து, சுவரில் முகம் தெரியும் அளவுக்கு மெருகேற்றுவார்கள். எழும்பூர்ப் பக்கம் 1821-ல் திறக்கப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உள்தூண்கள் இந்தக் கைவேலைக்கு இன்னும் சாட்சியாக நிற்கின்றன. அந்தத் தூண்களைத் தேய்த்தவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கட்டியவர் தாமஸ் டி ஹாவிலண்ட் என்று மட்டும் வரலாறு சொல்கிறது. இது எல்லா ஊர்க் கட்டிடக் கலை வரலாற்றிலும் நடந்த அநியாயம்தான். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

 கம்பெனி அதிகாரிகள் பணி முடிந்து கப்பலேறும்போது அவர்களுடைய வீடும் தட்டுமுட்டுச் சாமான்களும் ஏலத்துக்கு வரும். கப்பல் புறப்படும் பருவமே அவர்களுக்கு விற்கும் பருவம். வெளியூர்க்காரர் வாங்கிக் குடியேறுவதும் ஊர் திரும்புபவர் விற்றுப் போவதுமாகச் சுழன்ற சந்தையில், மெருகு மங்கிய வீட்டுக்கு விலை கிடையாது.

இவ்வளவு சுண்ணாம்பும் அதைச் சுடும் விறகும் எப்படி நகருக்கு வந்தன? வண்டிப் பாதைகள் மணலில் புதையும். கடலில் துறைமுகம் இல்லை. பதில், கால்வாய். பேசில் கோக்ரேன் என்ற வணிகர் தன் பணத்தைப் போட்டு வெட்டிய உப்புநீர்க் கால்வாய் 1806-ல் மதராஸிலிருந்து எண்ணூர் வரை ஓடத் தொடங்கியது. பின்னர் அது பழவேற்காடு ஏரியையும் தாண்டி வடக்கே நீண்டது. 1837-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது. 1876 முதல் 78 வரை நிலவிய பெரும் பஞ்சத்தின்போது, பட்டினியால் நகருக்கு வந்து குவிந்தவர்களைக் கூலிக்கு வைத்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் இடையே எட்டு கிலோமீட்டர் இணைப்பு வெட்டப்பட்டது. 1878-ல் அன்றைய ஆளுநரான பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு வந்தது.

தட்டையான அடிகொண்ட படகுகள் கழியால் ஊன்றியும் பாய்விரித்தும் கரையிலிருந்து கயிற்றால் இழுத்தும் இந்தக் கால்வாயில் நகர்ந்தன. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டின் விறகு, எண்ணூர், அத்திப்பட்டு, காட்டுப்பள்ளிப் பக்கத்து அளங்களின் உப்பு, ஏரிக் கிளிஞ்சல் எல்லாம் இதே வழியில்தான் நகருக்குள் வந்தன. நகரின் அடுப்பு, உப்பு, வெள்ளை மூன்றும் காட்டுப்பள்ளியைக் கடந்தே வர வேண்டியிருந்தது.

துரைமார் வீடுகளுக்கு மட்டும் இந்தச் சரக்கு போகவில்லை. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் ரயில் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட பிறகு, நிலையத்தைச் சுற்றியும் துறைமுக வேலைகளைச் சுற்றியும் சிறு வீடுகள் நெருங்கி எழுந்தன. அந்த வீடுகளின் கூரைக்கு மெட்ராஸ் டெரஸ் என்று பெயர் நிலைத்தது. தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கல்லைச் செங்குத்தாக, சாய்வரிசையில் அடுக்கி, மேலே உடைத்த செங்கல் ஜல்லியையும் சுண்ணாம்பையும் வெல்ல நீரும் கடுக்காய் நீரும் தெளித்துக் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். கட்டை எகிறித் திரும்பும்வரை தட்டு நிற்காது. இன்றும் ராயபுரத்திலோ வண்ணாரப்பேட்டையிலோ பழைய வீடு வாங்குபவர், முதலில் அண்ணாந்து பார்ப்பது அந்த உத்தரத்தைத்தான். கரையான் அரிக்காத தேக்கு என்றால் சுவர் எப்படி இருந்தாலும் வீட்டுக்கு ஒரு விலை உண்டு.

சிறு வீட்டுக்காரருக்கு மெருகுப் பூச்சு கட்டுப்படியாகாது. ஆண்டுக்கொரு முறை சுண்ணாம்பு அடித்தால் போதும். அதுவே நோய்த்தடுப்பும் ஆனது. புதிதாக அடித்த சுண்ணாம்பின் காரத்தன்மை 12-க்கும் மேலே நிற்கும். பூச்சியும் கிருமியும் அதில் தங்குவது கடினம். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியபோது அதிகாரிகள் தெருத்தெருவாக வீடுகளுக்கு வெள்ளையடிக்க வைத்தார்கள். நோயைப் பரப்புவது எலியில் வாழும் தெள்ளுப்பூச்சி என்பது அப்போது தெளிவாகவில்லை. ஆனால் வெள்ளைச் சுவர் என்றால் சுத்தமான வீடு என்ற எண்ணம் அரசு ஆணைகளிலும் மக்கள் மனத்திலும் ஒன்றாக ஊன்றியது. வீடு பார்க்க வருபவர் வாசலில் நின்று முதல் பார்வையில் தேடுவது இன்றும் அந்தச் சுத்தத்தைத்தான்.

கடலோரத்தில் சுண்ணாம்புக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வடசென்னையின் நிலத்தடி நீரில் உப்பு. மணலில் உப்பு. வீசும் காற்றிலும் உப்பு. செங்கல் வழியே ஏறும் ஈரம் சுவரின் மேற்பரப்பில் ஆவியாகும்போது உப்பைப் பூக்கவைத்துவிட்டுப் போகும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து வைக்காது, வெளியே விட்டுவிடும். உப்பு பூத்தால் மேல்பூச்சு உதிரும், செங்கல் தப்பிக்கும். அடுத்த மார்கழியில் சுரண்டிவிட்டு மறுபடி அடித்தால் சரி. ஆண்டுதோறும் செத்துப் பிழைக்கும் ஒரு தோலைச் சுவருக்குக் கொடுத்து, உள்ளே இருக்கும் உடம்பைக் காப்பாற்றிய ஏற்பாடு அது.

கிளிஞ்சலின் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு திருப்பம் 1904-ல் நடந்தது. இந்தியாவில் போர்ட்லண்ட் சிமென்ட் செய்யும் முதல் முயற்சிகளில் ஒன்று அந்த ஆண்டு சென்னையில்தான் தொடங்கியது. சவுத் இந்தியா இண்டஸ்ட்ரியல்ஸ் நிறுவனம் நடத்திய அந்தச் சிறு ஆலைக்கு மூலப்பொருள் கடற்கிளிஞ்சல். வணிகமாக அது வெல்லவில்லை. 1914-ல் குஜராத்தின் போர்பந்தரில் தொடங்கிய ஆலைதான் நிலைத்தது. சுண்ணாம்பை ஓரங்கட்டப் போகும் பொருளையும் சென்னை முதலில் தன் கிளிஞ்சலிலிருந்தே செய்து பார்த்திருக்கிறது என்பது இந்த வரலாற்றில் மனத்தை நிறுத்தும் இடம்.

அதன்பின் மாற்றம் வேகமெடுத்தது. சுவர் சிமென்டால் எழுந்தது. பூச்சும் சிமென்ட். வெளிச்சுவருக்கு ஸ்னோசெம் வந்தது. உள்ளே டிஸ்டெம்பர். பிறகு பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன். 1942-ல் பம்பாயில் தொடங்கிய ஏசியன் பெயின்ட்ஸுக்காக ஆர்.கே. லட்சுமண் 1954-ல் வரைந்த, கையில் பெயின்ட் டப்பாவும் தூரிகையுமாக நிற்கும் கட்டு என்ற சிறுவன் கடைத்தெருவெங்கும் தெரிந்தான். வெள்ளையின் ஊரும் மாறியது. பெயின்டின் வெண்மைக்கு டைட்டேனியம் டை ஆக்சைடு வேண்டும். அதன் மூலத்தாதுவான இல்மனைட் சவறாவிலும் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் கிடைக்கிறது. திருவனந்தபுரத்தில் 1946-ல் உருவான டிராவன்கூர் டைட்டேனியம் அந்தத் தாதுவிலிருந்து வெண்பொடி தயாரித்தது. கிழக்குக் கடற்கரையின் கழியிலிருந்து எடுத்த வெள்ளைக்குப் பதிலாக மேற்குக் கடற்கரையின் மணலிலிருந்து எடுத்த வெள்ளை சுவருக்கு வந்தது. பழைய வெள்ளையை இடுப்பளவு நீரில் நின்று அள்ளினார்கள். புதிய வெள்ளையை ஆலை பிரித்துத் தந்தது.

வீடு விற்பவருக்கு இந்த மாற்றம் பெரிய வசதி. சுண்ணாம்பு பொய் சொல்லத் தெரியாத பூச்சு. ஓதம் இருந்தால் ஒரு வாரத்தில் காட்டிக்கொடுத்துவிடும். தொட்டால் கையில் ஒட்டும். எமல்ஷனுக்கு அந்தக் கூச்சம் இல்லை. உப்பு பூத்த சுவரைச் சுரண்டி, பட்டியை அழுத்தி இழுத்து, இரண்டு கோட்டு பளபளப்பு அடித்தால் தை, மாசி, பங்குனி மூன்று மாதமும் சுவர் வாய் திறக்காது. ஐப்பசி மழையில் கொப்பளிக்கும்போது பத்திரம் கைமாறி, விற்றவர் வேறு ஊரில் இருப்பார். ரப்பர் போன்ற அந்தப் படலம் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுவதால், பழைய சுண்ணாம்புச் சுவரின்மேல் அதை அடித்தால் சேதம் கூடவே செய்யும். பாரம்பரியக் கட்டிடங்களைப் புதுப்பிக்கும் பொறியாளர்கள் முதலில் பெயின்டைச் சுரண்டி எடுக்கச் சொல்வது இதனால்தான்.

அனுபவமுள்ள கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போகிறவர்கள் வடசென்னையில் இன்றும் உண்டு. அவர் சுவரின் நிறத்தைப் பார்க்க மாட்டார். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போவார். பொள்ளென்று ஓசை கேட்டால் உள்ளே காரை விட்டுவிட்டது என்று பொருள். அலமாரிக்குப் பின்னால், குளியலறையின் மறுபக்கச் சுவர், ஜன்னல் கட்டையின் அடி, மொட்டைமாடித் தட்டோட்டின் இடுக்கு, இவற்றைப் பார்ப்பார். வீட்டுக்காரர் எந்தச் சுவருக்கு மட்டும் புதிதாக அடித்திருக்கிறார் என்பதையும் கவனிப்பார். முழு வீட்டுக்கும் அடித்தவர் பண்டிகைக்காக அடித்திருக்கலாம், ஒரே ஒரு சுவருக்கு அடித்தவருக்கு அந்தச் சுவரில் ஏதோ இருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. பழைய வீட்டை வாங்கக் கூடாது என்பது இதன் பொருள் கிடையாது. மெட்ராஸ் டெரஸ் வீட்டுக்கு நல்ல கொத்தனார் கிடைத்து, சுண்ணாம்பையே மறுபடி பூசினால், அது இன்னும் மூன்று தலைமுறை நிற்கும். விற்பவரும் ஓதத்தை மூடி மறைப்பதற்குப் பதிலாக மழைநீர்க் குழாயையும் தட்டோட்டு இடுக்கையும் சரிசெய்துவிட்டு அடித்தால் செலவு கொஞ்சம்தான் கூடும். அப்படி அடித்த வீட்டுக்கு விலையும் நியாயமாகக் கிடைக்கிறது.

கிளிஞ்சல் கிடந்த கழிக்கு என்ன ஆயிற்று?

பழவேற்காடு ஏரியின் தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமானது. தெற்கே கதை வேறு. 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது. 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம். 2001-ல் எண்ணூர்த் துறைமுகம். இன்று அதற்குக் காமராஜர் பெயர். 2010-ல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை காட்டுப்பள்ளியில் திறக்கப்பட்டது. எல் அண்ட் டி நிறுவனத்தின் கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அதே திட்டில் எழுந்தன. துறைமுகம் 2018-ல் அதானி குழுமத்தின் கைக்குப் போனது. அனல்மின் நிலையங்களின் சாம்பல் கலந்த நீர் குழாய் உடைந்து ஆண்டுக்கணக்கில் கொசஸ்தலையில் கலந்தது. மட்டி வளர்ந்த அடிச்சேற்றின்மேல் சாம்பல் படிந்தது. இருளர் பெண்கள் கையால் துழாவி இறால் பிடித்த இடங்கள் தூர்ந்தன.

கப்பல் தளத்துக்காகக் காட்டுப்பள்ளிக் குப்பத்து மீனவர்கள் தங்கள் ஊரைவிட்டு இடம்பெயர்க்கப்பட்டார்கள். தை பார்த்து, தரகர் வைத்து, வெள்ளையடித்து விற்ற வீடுகள் அல்ல அவை. விலை பேச வாங்குபவர் வாசலுக்கு வரவில்லை. கடலைப் பார்த்து நின்ற வீட்டுக்கு, படகு ஏற்றும் மணலுக்கு, வலை உலர்த்தும் இடத்துக்கு எந்த வழிகாட்டி மதிப்பும் ஈடு சொல்ல முடியாது. வீட்டு விற்பனையின் வரலாற்றை எழுதுபவர்கள் இப்படிக் கைமாறிய வீடுகளையும் அதில் சேர்க்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலியின் சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து எண்ணெய் கலந்து எண்ணூர் முகத்துவாரம்வரை பரவியது. படகும் வலையும் அலையாத்தி மரங்களும் கறுத்தன. எண்ணூர், எர்ணாவூர்ப் பகுதிகளில் வெள்ளம் புகுந்த வீடுகளின் சுவர்களில் தண்ணீர் நின்ற உயரத்தை எண்ணெய்க் கோடு காட்டியது. பொங்கலுக்கு அப்போது ஆறு வாரம்கூட இல்லை. எண்ணெய் ஊறிய காரையில் சுண்ணாம்பு பிடிக்காது, எமல்ஷனும் உரிந்து வரும். காரையைச் செங்கல் தெரியக் கொத்தி எடுத்துப் புதிதாகப் பூச வேண்டும். அதே மாதக் கடைசியில் எண்ணூரின் உர ஆலைக் குழாயில் அமோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடி வந்தார்கள்.

இந்தப் பகுதியில் இப்போது வீடு தேடி வருபவர்கள் கேட்கும் கேள்விகள் மாறிவிட்டன. 2015 வெள்ளத்தில் எவ்வளவு தண்ணீர் நின்றது, 2023-ல் எந்தப் படிவரை வந்தது, காற்று எந்த மாதம் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, கன்டெய்னர் லாரி எந்நேரம் வரிசை கட்டுகிறது என்று கேட்கிறார்கள். வெள்ளை அடித்தால் கரித்தூளும் சாம்பலும் படிந்து சில மாதங்களில் மங்கிவிடும் என்று குடியிருப்பவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,111 ஏக்கராக விரிக்கும் திட்டம் ஒன்று முன்வைக்கப்பட்டிருக்கிறது. ஆண்டுக்கு 2.465 கோடி டன் சரக்குத் திறனை 32 கோடி டன்னாக உயர்த்துவது அதன் இலக்கு. அதற்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பு 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டது. பழவேற்காட்டுப் பக்கத்து மீனவ ஊர்களும் கொசஸ்தலைக் கரை ஊர்களும் அந்தத் திட்டத்தை எதிர்த்து நிற்கின்றன. மீஞ்சூர்ப் பக்கத்து மனை விளம்பரங்களோ துறைமுகம் எவ்வளவு அருகில் என்பதையே பெரிய எழுத்தில் போடுகின்றன. ஒரே திட்டம் ஓர் ஊரில் மனையின் விலையை ஏற்றுகிறது. பக்கத்து ஊரில், தை வரும்போது சுவருக்கு வெள்ளை அடிப்பதா, இன்னும் எத்தனை தை இந்த வீட்டில் என்ற கேள்வியை எழுப்புகிறது. எதிர்ப்பவர்கள் கேட்பது கழியை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பதுதான். அந்தக் கழியில் சாம்பல் மூடாத இடங்களில் மட்டி இன்னும் வளர்கிறது.